அண்ணி அளந்த வெள்ளம்

என் அண்ணியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் என்னைக் கேட்க முடியாது. ஒரு பெண்ணை அவளுடைய நாத்தனார் கவனிக்கிற மாதிரி இந்த உலகத்தில் வேறு யாரும் கவனிப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் மாடியில் இருக்கிறார், நான் கீழ்வீட்டில் இருக்கிறேன். அவர் நாற்காலியை இழுக்கிற சத்தத்தை வைத்தே இன்று கோபமா, சந்தோஷமா என்று சொல்லிவிடுவேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அண்ணிக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். பத்தொன்பது வருஷமாக அதே வேலை என்பதால் பாதி ஊருக்கு அவர் மீட்டரம்மா. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் நாயைவிட வீட்டுக்காரர் மோசம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பா படுக்கையில் விழுந்ததால் பத்தொன்பது வயதில் கல்லூரியைப் பாதியில் விட்டவர் அவர். பிறகு கல்யாணம், ஒரு மகள், வேலை, நடுவில் தபால் வழியில் ஒரு பட்டம் என்று காலம் ஓடிவிட்டது.

நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப் போவதாகச் சொன்னார். என்ன படிப்பு என்று கேட்டேன். சுற்றுச்சூழலும் சமூக மாற்றமும் என்றார். இரண்டில் ஏதாவது ஒன்றைப் படித்தால் போதாதா என்று கேட்டேன். இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே புரியாது, அதனால்தான் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார்கள் என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு அபூர்வம்.

வாரியத்தில் மேற்படிப்புக்கு இரண்டு வருஷம் விடுப்பு தருவார்கள். மொத்த வேலைக்காலத்தில் ஒரே ஒரு முறைதான். அதற்குள் முடிக்காவிட்டால் திரும்பிப் போய் மீட்டர் பார்க்க வேண்டியதுதான், இரண்டாவது தடவை கிடையாது. அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவர், இரண்டு வருஷம் அங்கிருந்து வெளியே வரவில்லை. அவர் சமையலுக்குப் பயந்துதான் அண்ணி அவ்வளவு நேரம் நூலகத்தில் இருந்தார் என்று நான் சொன்னால், அண்ணனே தலையாட்டுவார். மகள் அதே வளாகத்தில் வேறு துறையில் முதல் வருஷம். வளாகத்துக்குள் அம்மா தன்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிட்டாள்.

நானும் அந்த வளாகத்தை நம்பித்தான் பிழைக்கிறேன். வாசலுக்கு எதிரில் ஜெராக்ஸ், பிரிண்ட், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கறுப்பு ரெக்ஸின் அட்டை, மேலே தங்க எழுத்து. பதினாறு வருஷத்தில் எத்தனை ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டிருப்பேன் என்று தெரியாது. ஒன்றைக்கூட முழுக்கப் படித்ததில்லை. நன்றி சொல்லும் பக்கத்தை மட்டும் படிப்பேன். யார் யாரை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பதில் ஒரு சுகம்.

அண்ணியின் படிப்பு இரண்டு துறைகளைச் சேர்த்தது என்பதால் அவருக்கு இரண்டு கைடு. ஒருவர் நீரியல் பேராசிரியர். ஆறு, வாய்க்கால், மழை என்று எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் வைத்திருப்பவர். இன்னொருவர் சமூகவியல் மேடம். மனிதர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும், அதில் கை வைத்தால் பாவம் என்று நினைப்பவர். இரண்டு பேரின் அறைகளும் ஒரே வராந்தாவில் எதிரெதிரே இருந்தன. ஆனால் பேச வேண்டியதையெல்லாம் அண்ணியிடம் சொல்லி அனுப்புவார்கள். சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி, பிள்ளையைத் தூது விடுகிற மாதிரிதான். அவர் என்ன சொன்னார் என்று இவரும், இவர் என்ன சொன்னார் என்று அவரும் கேட்க, அண்ணி இரண்டு கதவுக்கும் நடுவில் நடந்தே இளைத்துப் போனார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வாய்க்காலை ஒட்டிய நாலு தெருக்கள். அண்ணி பல வருஷம் மீட்டர் பார்த்த இடம். அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் வரும். முன்பைவிட இப்போது மோசம் என்று தெருக்காரர்கள் நகராட்சிக்கு மனு மேல் மனுவாகப் போட்டிருந்தார்கள். வாய்க்காலில் நட்டிருக்கிற அளவுகோலோ, இருபது வருஷத்தில் வெள்ளம் குறைந்துகொண்டே வருகிறது என்றது. இரண்டில் எது சரி என்று பார்ப்பதுதான் அண்ணியின் வேலை. நகராட்சி இன்ஜினியரும் முடிவு தெரிந்ததும் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அந்தத் தெருக்களுக்கு மறுபடி ரோடு போடப் போகிறார்களாம்.

நூற்று நாற்பது வீடு ஏறி இறங்கினார் அண்ணி. வெள்ளம் எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று கேட்டால் எந்த வீட்டில் பதில் சொல்வார்கள்? இத்தனை படி ஏறியது என்றுதான் சொல்வார்கள். மேடம் அதை அப்படியே எழுதச் சொன்னார். பேராசிரியர், படியெல்லாம் ஒரு அளவா, சென்டிமீட்டரில் கொடுங்கள் என்றார். அண்ணி ஒரு சமாதான வழி கண்டுபிடித்தார். ஒரு வாசல்படி சராசரி பதினைந்து சென்டிமீட்டர் உயரம். மக்கள் சொன்ன படியைப் பதினைந்தால் பெருக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் திருப்தி. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அண்ணன் சமைத்ததை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பெருக்கிப் பார்த்தால், இருபது வருஷத்துக்கு முன் மூன்று படி, அதாவது நாற்பத்தைந்து சென்டிமீட்டர். இப்போது ஒரு படி, பதினைந்து. வாய்க்கால் அளவுகோல் சொன்னதும் இதைத்தான். ஆக வெள்ளம் குறைந்திருக்கிறது. மக்கள்தான் கூடிவிட்டதாக நினைக்கிறார்கள். ‘மக்களின் புகார் வெள்ளத்தை மிகைப்படுத்துகிறது’ என்று அண்ணி முடிவுரையில் எழுதினார். பேராசிரியர் தண்ணீர் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேடம் மக்கள் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நடுவில் அந்தப் பதினைந்து இருந்த பக்கத்தை இரண்டு பேரும் மற்றவருடைய துறை என்று நினைத்துத் தாண்டிவிட்டார்கள்.

சமர்ப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அண்ணியின் விடுப்பும் அந்த மாதத்தோடு முடிகிறது. திங்கள்கிழமை காலையிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். முதல் பிரதிக்கு அட்டை ஒட்டி, தங்க எழுத்தும் அடித்துவிட்டேன். நல்ல வேலை, நானே சொல்லக் கூடாது. மற்ற பிரதிகளுக்குக் கலர் படங்களை அச்செடுத்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு படம், அறுபத்தோராம் எண் வீட்டு வாசலில் தையல்காரம்மா நிற்கிறார். நாலு தெருவுக்கும் துணி தைப்பவர், பேட்டியில் அதிகம் பேசியவரும் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் சுவரில் மீட்டர் பெட்டி. படத்தில் பெட்டி பாதிதான் தெரிந்தது. அண்ணி எடுத்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டு, பெட்டி கீழே வெட்டுப்பட்டிருக்கு, வேறு படம் இருக்கா என்று கேட்டேன்.

அண்ணி வந்து திரையில் குனிந்து பார்த்தார். படம் வெட்டுப்படவில்லை. பெட்டியின் கீழ்ப்பாதி ரோட்டுக்குள் இருந்தது.

"இந்த மீட்டரை நான் நின்னுக்கிட்டே பார்த்திருக்கேன்" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். முதல் சில வருஷம் நின்றபடி பார்த்த மீட்டராம். பிறகு குனிந்து பார்த்தாராம். அந்தத் தெருவை விட்டு மாற்றலாவதற்கு முன் முட்டி போட்டுப் பார்த்தாராம். வயசாகிறது, இடுப்பு போய்விட்டது என்று தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இடுப்பு எங்கேயும் போகவில்லை. ரோடுதான் வளர்ந்திருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று ஐந்து தடவை போட்டிருக்கிறார்கள். தையல்காரம்மா வீட்டுக்கு முன்பு நாலு படி. அதில் மூன்று படி ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. மிச்சம் ஒன்று. அந்த ஒரு படி ஏறினால் தண்ணீர் நேரே வீட்டுக்குள்.

அன்றைக்கு மூன்று படி ஏறியும் வீடு காய்ந்திருந்தது. இன்றைக்கு ஒரு படி ஏறினால் தையல் இயந்திரம் நனைகிறது. அண்ணி அதைப் பதினைந்தால் பெருக்கி, வெள்ளம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று எழுதி, இரண்டு கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையெழுத்துதான் இருக்கிறதே, முதலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், பட்டம் வரட்டும், சரிசெய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவர் விட்ட கல்லூரியை மறுபடி பிடிக்க இருபத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது. இதையும் விட்டால் அவ்வளவுதான்.

"தையல்காரம்மா பொய் சொல்றாங்கன்னு எழுதி வச்சிருக்கேன்" என்றார் அண்ணி.

"மிகைப்படுத்துறாங்கன்னுதான எழுதியிருக்கீங்க?"

"நம்ம வீட்டுல அதுக்கு என்ன பேரு?"

பசை காயாத அட்டையை என் கையாலேயே பிரித்தேன். ஒட்டினதைப் பிரிப்பது மாதிரி எரிச்சலான வேலை எங்கள் தொழிலில் கிடையாது. அண்ணி கையெழுத்துப் பக்கத்தை மட்டும் எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வளாகத்துக்குள் போனார்.

அங்கே நடந்ததை மறுநாள் சொன்னார். பேராசிரியர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இப்போதைக்குச் சமர்ப்பித்துவிடுங்கள், பிறகு கட்டுரையாகத் திருத்தி எழுதலாம் என்றாராம். எதிர் அறையில் மேடம், ஆய்வின் வரம்புகள் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள், போதும் என்றாராம். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அண்ணியின் விடுப்பு விஷயம் அவர்களுக்கும் தெரியும். ஆனால் அண்ணி அந்தப் பக்கத்தைப் பையிலிருந்து எடுத்துப் பேராசிரியர் மேஜையில் வைத்து, இது வேண்டாம் சார், புதிதாக எழுதி வந்தால் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நல்ல அடம். எங்கள் குடும்பத்துக்கு வந்தபோது இவ்வளவு அடம் கிடையாது, நாங்கள்தான் பழக்கிவிட்டோம்.

புதைந்துபோன படிகளை எப்படி எண்ணுவது? ஒவ்வொரு வாசலையும் தோண்ட முடியுமா? இந்த இடத்தில்தான் பத்தொன்பது வருஷ வேலை கைகொடுத்தது. மீட்டர் பார்ப்பவர்கள் ஒவ்வொரு வீட்டுப் பதிவு அட்டையிலும் மீட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள். தான் லீவு போட்டால் வேறு ஆள் வந்து தேடித் திண்டாடக் கூடாதே என்பதற்காக. ‘இடது சுவர், மூன்றாவது படிக்கு நேரே, இடுப்பு உயரம்.’ ‘கேட்டுக்குப் பின்னால், நாலு படி, நாய் உண்டு.’ இப்படி வீட்டுக்கு ஒன்று. பழைய அட்டைகளை யாரும் தூக்கிப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க வாரியத்துப் பதிவறையில் உட்கார்ந்து நூற்று நாற்பது வீட்டு அட்டைகளையும் தேடி எடுத்தார். முக்கால்வாசியும் அண்ணியின் கையெழுத்துதான். ஊரெல்லாம் தரவு தேடி அலைந்தவர், கடைசியில் தன் எழுத்தையே அடிக்குறிப்பில் போட வேண்டியதாயிற்று.

புதன்கிழமை காலை அளவு டேப்பும் அட்டைகளுமாகத் தெருவுக்குப் போனார். நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. பத்து வீடு முடிந்திருக்காது, பேராசிரியர் மூன்று கால் வைத்த லெவல் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டேப்பை வைத்துத் தெரு மட்டம் எடுக்கிறார் என்று கேட்டதும் அவருக்கு மனசு பொறுக்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் மேடமும் வந்தார். மக்கள் படியை மேலிருந்து எண்ணுகிறார்களா, கீழிருந்தா, வீட்டுக்கு வீடு கேட்காமல் எழுதக் கூடாது என்றார்.

கருவிக்கு எதிரே உயர அளவுகோலை நிமிர்த்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். நான் டேப்பில் இருந்தேன், அண்ணி அட்டையில் இருந்தார். மேடத்தைத் தவிர வேறு ஆள் இல்லை. எதிர் எதிர் அறையில் இருந்தும் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர், நடுத்தெருவில் கொஞ்சம் இடது, இல்லை வலது, நேராப் பிடிங்க, நேராத்தான் பிடிச்சிருக்கேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். அண்ணிக்கு ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் வேலை இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, கல்யாணத்தன்று கூட.

சாயங்காலத்துக்குள் கணக்குத் தெளிவாகிவிட்டது. பேராசிரியர் சொன்னது தப்பில்லை, வாய்க்காலில் வெள்ளம் குறைந்துதான் இருந்தது. தெருக்காரர்கள் சொன்னதும் தப்பில்லை. மழைத்தண்ணீர் முன்பு வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வாய்க்காலுக்கும் ஓடியது. இப்போது தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்குகிறது. ஆற்றைப் படித்தவர் வாய்க்காலைப் பார்த்தார், மனிதரைப் படித்தவர் வாயைப் பார்த்தார், நடுவில் இருந்த ரோட்டை யாரும் பார்க்கவில்லை. இதை நான் சொன்னபோது மேடம் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

வியாழன் முழுக்க அண்ணி திருத்தி எழுதினார். வெள்ளி மதியம் இரண்டு பேராசிரியர்களும் என் கடையிலேயே உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்கள். இந்தத் தடவை யாரும் எந்தப் பக்கத்தையும் தாண்டவில்லை. கையெழுத்துப் போடும்போது யார் முதலில் என்று ஒரு பத்து நிமிஷம் மரியாதை நடந்தது. ‘நீங்க போடுங்க, இல்ல நீங்க போடுங்க’ என்று அவர்கள் கொஞ்சிக்கொண்டிருக்க, மணி நாலு. எனக்குப் பொறுமை போய்விட்டது. யாராவது ஒருத்தர் போடுங்க, பசை காயணும் என்று அதட்டினேன். இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி போட்டுவிட்டார்கள்.

அட்டை ஒட்டி மேலே செங்கல்லை வைத்து அழுத்தி, மின்விசிறிக்கு நேரே பிடித்துக் காயவைத்தோம். அண்ணன் பணிமனையிலிருந்து பைக்கில் வந்து வாசலில் நின்றார். மகள் ஒப்பந்தத்தை மறந்துவிட்டு வளாகத்துக்குள் அம்மாவுக்கு முன்னால் ஓடி, அலுவலகக் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். ஐந்துக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது குமாஸ்தா முத்திரை குத்தினார். பிரதி அவர் விரலில் ஒட்டியது. முறைத்தார். நான் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த முடிவுரையை நான் படித்தேன். என் கடையில் நான் படித்த முதல் முடிவுரை. ‘மக்கள் சொன்னது சரி. பிழை ஆய்வாளருடையது. அது எப்படி நேர்ந்தது என்பது நான்காம் அத்தியாயத்தில் உள்ளது’ என்று இருந்தது. தன் தப்புக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, மூன்றாவது வரியில். எனக்கு அழுகை வந்துவிட்டது, அச்சு மை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பட்டம் வந்தது. அண்ணி வாரியத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது எந்தத் தெருவில் ரோடு போட்டாலும் மீட்டர் உயரத்தைக் குறிக்க வேண்டும் என்று மற்ற ஊழியர்களை நச்சரிப்பது அவர் வேலை. இன்ஜினியர் கேட்டிருந்த பிரதியும் போய்ச் சேர்ந்தது. அந்த நாலு தெருக்களிலும் இந்தத் தடவை பழைய ரோட்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட்டார்கள். சுரண்டிய அன்று படிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்க்கத் தெருவே வாசலில் நின்றது.

போன வாரம் தையல்காரம்மா என் கடைக்கு வந்தார். தன்னைப் பற்றி எழுதின புத்தகம் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அண்ணியும் அப்போது கடையில் இருந்தார். நான் புதிதாக ஒரு பிரதி எடுத்து அட்டை போடும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் கொடுத்ததும் தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறுபத்தோராம் எண் வீடு வருகிற பக்கத்தைத் தேடிப்பிடித்து நிதானமாகப் படித்தார். அப்புறம் முடிவுரைக்குப் போனார். புத்தகத்தை மூடிவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"நான் முதல் நாள் சொன்னதுதான இதுல இருக்கு. இதுக்கு எதுக்கு, மீட்டரம்மா, ரெண்டு வருஷம்?"

அண்ணி சொன்னார். "நீங்க சொன்னதை நான் நம்புறதுக்குத்தான், அக்கா."

தையல்காரம்மா புத்தகத்தைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணியின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு, வீட்டில் தைக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார்.